எந்த ஈயத்தில் செய்த ஆட்டக்காரர்?

உயரம் மூன்று சென்டிமீட்டர். தலையில் கொம்பு வைத்த கவசம், தோளில் முள் பட்டை, கையில் ஒரு பந்து. இவர் மனித ஆட்டக்காரர் இல்லை, கற்பனை உலகத்து அரக்கர். 'பிளட் பவுல்' என்ற மேசை விளையாட்டில் அணிக்கு 11 பேராக இப்படிப்பட்ட உருவங்கள் களம் இறங்குகின்றன. நீளத்தில் 26, அகலத்தில் 15 கட்டங்கள் கொண்ட திடலில், பகடை உருட்டி ஒருவரையொருவர் மோதித் தள்ளிப் பந்தை எல்லைக்குக் கொண்டு போக வேண்டும். அமெரிக்கக் காற்பந்தைக் கேலி செய்யும் இந்த விளையாட்டை ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்தார். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1986இல் அதை வெளியிட்டது.

அந்தக் காலத்து உலோக உருவம் ஒன்று உங்கள் கைக்கு வரலாம். மாமாவின் பழைய பெட்டியில் கிடந்திருக்கலாம், பழைய பொருள் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கியிருக்கலாம். பெரும்பாலும் கை முறிந்திருக்கும், சாயம் தடித்துப் போய் முகமே தெரியாது. தூக்கி எறிய வேண்டாம். ஒட்டலாம், மறுபடி வண்ணம் தீட்டலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, கையில் இருப்பது எந்த உலோகம் என்பது. மற்றொன்று, நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் பசையையும் சாயத்தையும் என்ன செய்கிறது என்பது. இந்த வேலைக்கான குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. ரவாங்கில் அவற்றை அப்படியே பின்பற்றினால் சில இடங்களில் காலை வாரிவிடும்.

ஒரு சொல், இரண்டு உலோகம்

ரவாங் மக்களுக்கு ஈயம் புதிதல்ல. இந்த ஊர் வளர்ந்ததே ஈயச் சுரங்கங்களால்தான். லோக் இயூ, தம்புசாமி பிள்ளை இருவரும் 1894இல் இங்கிருந்த தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கியைப் பொருத்தி, நீர் இறைக்கும் பம்புகளை மின்சாரத்தால் ஓட்டினார்கள். மலாயாவின் மின்சார வரலாற்றைச் சொல்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

அவர்கள் தோண்டியது வெள்ளீயம். மலாயில் தீமா. பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதே வெள்ளீயத்தில்தான். செத்தாப்பாக்கில் உள்ள ராயல் சிலாங்கூர் தொழிற்சாலையின் பியூட்டர் குவளைகளும் இதனால் ஆனவைதான். வெள்ளீயத்துடன் சிறிது செம்பும் ஆன்டிமனியும் சேர்த்தால் பியூட்டர்.

கார் பேட்டரியிலும் தூண்டில் குண்டிலும் இருப்பது வேறு உலோகம். அது காரீயம், மலாயில் பிளும்பும். மலாய்மொழி இரண்டையும் தனித்தனிப் பெயரால் அழைக்கிறது. நம் பேச்சுத் தமிழோ இரண்டையும் வெறும் 'ஈயம்' என்று சொல்லிவிடுகிறது. வெள்ளீயச் சொம்பில் ரசம் வைக்கலாம். காரீயமோ நஞ்சு. உலக சுகாதார நிறுவனம் இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று காரீயத்துக்கு ஓர் எல்லையே வகுக்கவில்லை. வாய்வழி உட்செல்லும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுவர்களின் உடல் ஈர்த்துக்கொள்கிறது.

பழைய ஆட்டக்காரர் உருவங்களில் பலவற்றில் இரண்டு ஈயமும் கலந்திருக்கும். காரணம் எளிது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும். 63 பங்கு வெள்ளீயத்துடன் 37 பங்கு காரீயம் சேர்த்தால் அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். அது மலிவு. சுழலும் ரப்பர் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக ஓடியும் நிரம்பும். 1990களில்தான் உருவம் செய்யும் நிறுவனங்கள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறின. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2011இல் உலோகத்திலிருந்து பெரும்பாலும் பிசினுக்கு நகர்ந்தது. 2016இல் வந்த புதிய 'பிளட் பவுல்' பதிப்பின் பெட்டியில் இருந்தவை பிளாஸ்டிக் ஆட்டக்காரர்கள்.

தண்ணீர்க் குவளைச் சோதனை

எந்த ஈயம் என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம். காரீயத்தின் அடர்த்தி 11.3 கிராம். கலவையில் காரீயம் கூடக்கூட அடர்த்தியும் கூடும்.

நகை எடை போடும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று போதும். 0.01 கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். உருவத்தை அதன் பிளாஸ்டிக் அடித்தட்டிலிருந்து கழற்றி எடை பாருங்கள். பிறகு தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். உருவத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தண்ணீருக்குள் முழுவதும் தொங்க விடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எண்தான் உருவத்தின் கன அளவு. உருவம் விலக்கிய நீரின் எடை அது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே விதி.

எடுத்துக்காட்டாக, 30 கிராம் உருவம் 4.1 கிராம் காட்டினால் அடர்த்தி 7.3. காரீயம் அநேகமாக இல்லை. 3.5 கிராம்தான் காட்டுகிறது என்றால் அடர்த்தி 8.6க்கு அருகில் வரும். பத்தில் நான்கு பங்கு காரீயம் இருக்கலாம். தடித்த சாயம், பழைய பசை, ஒட்டிய காற்றுக் குமிழி எல்லாம் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். அதனால் 7.6க்கு மேல் வந்தாலே காரீயம் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களுக்கு முந்தைய உருவம் என்றால் சோதனை என்ன சொன்னாலும் அதே எச்சரிக்கையுடன் நடத்துங்கள்.

எச்சரிக்கை என்றால் பயந்து ஒதுங்குவது என்று பொருளில்லை. சாயம் பூசிய உருவத்தைக் கையில் எடுத்து விளையாடிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். ஆபத்து தூளில்தான் இருக்கிறது. அரத்தையும் உருவத்தையும் ஈரப்படுத்திக்கொண்டே தேயுங்கள். தூள் பறக்காது. கீழே பழைய நாளிதழ் விரித்து, முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் பையில் கட்டி எறியுங்கள். சமையலறை மேசையில் வேண்டாம். மின்சாரத் தேய்ப்பான் வேண்டாம். உருக்குவது வேண்டவே வேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் வைக்கும் வயதில் இருந்தால், இந்த உருவங்களுக்கு இடம் உயரமான அலமாரிதான்.

பழைய சாயத்தை நீக்குதல்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நமக்குப் பழக்கம். சிலர் வினிகரிலும் ஊற வைப்பார்கள். இந்த உருவத்துக்கு இரண்டும் கூடாது. அமிலம் காரீயத்தைக் கரைத்துத் தண்ணீரில் கலக்கும் நஞ்சாக்கிவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, உருவத்தை ஓரிரவு ஊற விடுங்கள். ஆல்கஹால் அக்ரிலிக் சாயப் படலத்துக்குள் புகுந்து அதை ஊதிப் பெருக வைக்கும், பிடி தளரும். மறுநாள் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் சாயம் தோலாக உரிந்து வரும். அந்தத் துலக்கியை இனி வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அடுப்பு, சிகரெட், சாம்பிராணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது, ஆல்கஹால் சட்டென்று தீப்பற்றும். நகச்சாயம் அகற்றும் அசிட்டோன் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஆனால் உலோகத்துக்கு மட்டுமே அது பொருந்தும். பிளாஸ்டிக் ஆட்டக்காரரை அசிட்டோனில் போட்டால் கூழாகிவிடுவார்.

முன்பு யாரோ தவறான கோணத்தில் ஒட்டிய கையைக் கழற்ற வேண்டுமா? உருவத்தைப் பையில் காற்றுப்புகாமல் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வையுங்கள். சூப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். உலோகமும் பசையும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் மெல்லத் திருகினால் விட்டுவிடும். வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பல் நிறத் தூளாக மாறக்கூடிய உலோகம் என்று நீங்கள் படித்திருக்கலாம். அந்த மாற்றத்துக்கு நீண்ட காலம் வேண்டும், கலவையில் உள்ள ஆன்டிமனியும் அதைத் தடுக்கும். சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது.

ஒட்டினால் மட்டும் நிற்காது

அதே அளவுள்ள பிளாஸ்டிக் உருவத்தைவிட உலோக உருவம் ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். மேசையிலிருந்து கீழே விழும்போது மோதும் ஆற்றலும் ஏழு மடங்கு. முறிந்த தோளில் பசை பிடிக்கும் பரப்போ இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். சூப்பர் குளூ நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் நெம்பினாலோ திடீரென்று அடி விழுந்தாலோ விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் பசையால் மட்டும் ஒட்டிய கை அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி கழன்று விழுகிறது.

உள்ளே ஓர் எலும்பு வைப்பதே தீர்வு. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பித்தளைக் கம்பியோ, நிமிர்த்திய காகிதக் கவ்வியோ போதும். விரலால் சுழற்றும் சிறிய கைத்துளைப்பான் வாங்குங்கள். வெள்ளீயம் மென்மையானது, மின்துளைப்பான் தேவையில்லை. துளையூசியில் கொஞ்சம் மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டால் உலோகம் அடைத்துக்கொள்ளாது. தோளில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, துளை வாயில் ஒரு சொட்டுச் சாயம் வைத்துக் கையை அதன்மேல் அழுத்துங்கள். கையில் எங்கே புள்ளி விழுகிறதோ அங்கே அடுத்த துளை. கம்பியைச் செருகி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். வளைந்த விரலையோ பட்டையையோ நிமிர்த்தும்போது மெல்லிய 'கிறீச்' ஒலி கேட்டால் வியக்க வேண்டாம். வெள்ளீயத்தின் உள்ளே படிகங்கள் இடம் மாறும் ஒலி அது. ஓரிரு முறைக்கு மேல் வளைத்தால் முறியும்.

இனி பசை. நம் கடைகளில் 'கம் காஜா' என்று கேட்டு வாங்கும் சூப்பர் குளூவின் பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் துப்பாக்கிக் குறிகாட்டிக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தேடிய கோடாக் நிறுவன ஆய்வில், ஹாரி கூவரின் குழு இதைக் கண்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இந்தப் பசை 'உலர்வதில்லை'. பொருளின் மேல் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஆக, ஈரம்தான் இதன் சாவி.

குளிர்காலத்து வறண்ட அறையில் மூச்சுக் காற்றை ஊதி ஈரம் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. ரவாங்கில் அது தேவையே இல்லை, ஈரம் இங்கே கூடுதல்தான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒட்டினால் மேற்புறம் முந்திக்கொண்டு இறுகி, ஒட்டு வலுவிழக்கும். பசையிலிருந்து எழும் ஆவி சுற்றுப்புற ஈரத்தோடு சேர்ந்து, ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலமாகப் படியும். எனவே மிகச் சிறிய சொட்டு மட்டும் வைத்து, அசையாமல் பிடியுங்கள். மீதிப் பசையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரும் வரை திறக்காதீர்கள். குளிர்ந்த புட்டிக்குள் காற்றின் ஈரம் நீராகப் படிந்து பசையையே கட்டியாக்கிவிடும். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ இந்தப் பசையைக் கொட்டிவிடாதீர்கள். தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் எழும்.

கனமான உருவங்களுக்கு இரண்டு குழாய்களிலிருந்து கலக்கும் எப்பாக்சி இன்னும் நல்லது. இடைவெளியை நிரப்ப, நீலமும் மஞ்சளும் பிசைந்தால் பச்சையாகும் எப்பாக்சி மாவு கிடைக்கிறது. காணாமல் போன கொம்பையே அதில் உருட்டிச் செய்யலாம். விரலில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெப்பம் கூடினால் வேதிவினையும் வேகமாகும். அதனால் குளிர் நாட்டுக் குறிப்பு தரும் நேரத்துக்கு முன்பே நம் வீட்டில் மாவு இறுகத் தொடங்கும். சிறிது சிறிதாகப் பிசையுங்கள்.

அடிப்பூச்சும் பனிநிலையும்

பளபளப்பான உலோகத்தில் நீர்ச்சாயம் பிடிக்காது, முத்தாகத் திரண்டு ஓடும். அதனால் முதலில் அடிப்பூச்சு. டப்பாவிலிருந்து தெளிக்கும் வகையை வாங்கினால், ரவாங்கில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் ஈரம் நீராகப் படியுமோ, அதைப் பனிநிலை என்கிறோம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. வெறும் 6 டிகிரி குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். 20 டிகிரியும் 50 விழுக்காடும் உள்ள அறையில் பனிநிலை 9 டிகிரி. அங்கே 11 டிகிரி குளிர வேண்டும். தெளிப்பு டப்பாவிலிருந்து வெளிவரும் வாயு ஆவியாகும்போது சாயத் துளிகளைக் குளிர்விக்கிறது. நம் காற்றில் அந்தக் குளிர்ச்சியே போதும். நீர் கலந்து, பூச்சு சொரசொரப்பாகவோ வெண்புகை படிந்தது போலவோ ஆகிவிடும்.

இன்னொரு பொறி குளிர்சாதன அறை. 22 டிகிரி அறையில் இருந்த உலோக உருவத்தை நேராக வெளியே கொண்டுபோனால், அதன் மேலேயே மெல்லிய பனி படியும். கண்ணாடி போட்டவர்கள் காரை விட்டு இறங்கும்போது பார்ப்பது இதைத்தான். உருவத்தை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு தெளியுங்கள். மழையில்லாத நாளில் முற்பகல் கடந்து பிற்பகல் தொடங்கும் வரை ஈரப்பதம் குறைவாக இருக்கும். அதுவே நல்ல நேரம். ஈரம் குறையவே இல்லையென்றால், தூரிகையால் பூசும் அடிப்பூச்சு உண்டு. அது மெதுவான வழி, ஆனால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வண்ணம்: 30 மீட்டர் தொலைவில் ஒரு மனிதர்

மூன்று சென்டிமீட்டர் உருவம் உண்மை மனிதரில் அறுபதில் ஒரு பங்கு. மேசையில் அரை மீட்டர் தள்ளி அதைப் பார்ப்பது, 30 மீட்டர் தள்ளி நிற்கும் மனிதரைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் நம் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய அளவு, உருவத்தின் மேல் 0.15 மில்லிமீட்டர். அதைவிட நுண்ணிய கோடு போட்டாலும் ஆட்டத்தின்போது தெரியாது. தவிர, இவ்வளவு சிறிய மடிப்புகளில் இயல்பான நிழலும் விழுந்து எடுபடாது. அதனால் நிழலையும் ஒளியையும் நாமே மிகைப்படுத்தித் தீட்ட வேண்டும். மேடையில் தெருக்கூத்துக் கலைஞர் முகத்துக்கு அழுத்தமாக வண்ணம் இடுவதற்கும் இதே காரணம்தான்.

சிலாங்கூர் காற்பந்து அணியின் சிவப்பும் மஞ்சளும் உங்கள் ஆட்டக்காரருக்கும் அழகாக இருக்கும். ஆனால் மஞ்சள் அடியில் இருப்பதை மறைக்காது. ஒரு சாயத்தின் மறைக்கும் திறன், நிறமித் துகளும் அதைச் சூழ்ந்த அக்ரிலிக்கும் ஒளியை எவ்வளவு வேறுபட்டு வளைக்கின்றன என்பதைப் பொறுத்தது. வெள்ளைச் சாயத்தின் டைட்டானியம் டை ஆக்சைடு அதிகம் வேறுபடுகிறது. மஞ்சள் நிறமிகள் பலவற்றில் அந்த வேறுபாடு குறைவு. எனவே கறுப்பு அடிப்பூச்சின் மேல் மஞ்சளை ஐந்து முறை பூசுவதைவிட, முதலில் வெள்ளையோ வெளிர் பழுப்போ பூசிவிட்டு மேலே இரண்டு முறை மஞ்சள் பூசுங்கள்.

சாயத்தைப் பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு இளக்குங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நல்லது, செதுக்கிய முகம் மூழ்காது. மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்தால் தூரிகை நுனியிலேயே சாயம் காய்ந்துவிடும், தள்ளி அமருங்கள். ஈரப் பஞ்சின் மேல் அடுமனைத் தாளை விரித்து அதில் சாயத்தை வைத்தால் நீண்ட நேரம் இளகியே இருக்கும். நம் வெப்பத்தில் அந்தப் பஞ்சில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், தினமும் கழுவுங்கள். கடைசியாக, நீர்த்த கரும்பழுப்புச் சாயத்தை மேலாக ஓட விடுங்கள். நுண்புழை விசையால் அது தானாகவே பள்ளங்களுக்குள் புகுந்து நிழலாகும். மேடுகளில் வெளிர் நிறத்தைத் தொட்டு வைத்தால் முகம் உயிர் பெறும்.

காரீய உருவத்துக்கு இந்தச் சாயமும் மேலே பூசும் காப்புப் பூச்சும் அழகுக்கு மட்டுமல்ல, கைக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள சுவரும் அதுதான். மங்கல் காப்புப் பூச்சைத் தெளிப்பதாக இருந்தால், பனிநிலைக் கணக்கை மறந்துவிடாதீர்கள். ஈரக் காற்றில் அது வெளுத்து, அத்தனை உழைப்பையும் மூடுபனியில் மறைத்துவிடும்.

முடிந்ததும் எங்கே வைப்பது? சில வகை மரமும் ஒட்டுப்பலகையும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல வெளியிடும். மூடிய அலமாரியில் அது தேங்கினால், ஈரத்தோடு சேர்ந்து காரீயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். அருங்காட்சியகங்களில் பழைய காரீயப் பொருள்களுக்கு நேரும் நோய் இது. பொடியும் நஞ்சே. சாயத்தின் கீழிருந்து வெள்ளையாக ஏதேனும் துளிர்த்தால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் தனிப் பையில் வையுங்கள். நல்ல உருவங்களைச் சிலிக்கா ஜெல்லுடன் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். சீட்டில் வெறும் 'ஈயம்' என்று எழுதாமல், சோதனையில் வந்ததைப் பார்த்து 'வெள்ளீயம்' அல்லது 'காரீயம் கலந்தது' என்று எழுதி வையுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.